பதினோராவது ஆளாக வாப்பா

ஞாயிற்றுக்கிழமைகளில் வாப்பாவைக் காவல் காக்கும் வேலை எனக்கு ஒன்பது வயதில் கிடைத்தது. வேலையைத் தந்தவர் உம்மா. அதற்கு முந்திய வருடம் வாப்பாவுக்கு நெஞ்சு வருத்தம் வந்து, கண்டி ஆஸ்பத்திரியில் கிடந்து, பாரம் தூக்கக் கூடாது, ஓடக் கூடாது, கோபப்படக் கூடாது என்ற கட்டளைகளோடு வீட்டுக்கு வந்திருந்தார். மிளகும் கராம்பும் வாங்கி விற்கிற எங்கள் கடையில் மூட்டை தூக்க ஓர் ஆளை வைத்துக்கொண்டார். கோபம் அவருக்கு முன்பும் அதிகம் வந்ததில்லை. ஓடக் கூடாது என்பதுதான் அவரை வருத்தியது. அவர் எங்கள் ஊர்க் கிரிக்கெட் கழகத்தின் விக்கெட் காப்பாளர்.

கழகத்துக்காரர்கள் அவரைக் கைவிடவில்லை. ஸ்கோர் எழுதுகிற வேலையைக் கொடுத்தார்கள். மர நிழலில் ஒரு மேசை, ஒரு கதிரை, கூர் சீவிய பென்சில்கள். உம்மா அதற்கும் இலகுவில் சம்மதிக்கவில்லை. பிறகு ஒரு நிபந்தனையோடு விட்டார். அந்த நிபந்தனை நான்தான். வீட்டில் மூத்த பிள்ளை நான். என் தம்பிக்கு அப்போது பேச்சே சரியாக வரவில்லை.

முதல் ஞாயிறு அன்றே உம்மா என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டுத் தலை வாரிவிட்டுக்கொண்டே மெதுவாகச் சொன்னார். “வாப்பா ஸ்கோர் எழுதத்தான் போற. அதுக்கு மேல ஒண்டும் செய்ய வாணாம். மொகம் வேர்த்தா, நெஞ்சுல கை வெச்சா, ஆரிட்டயும் கேட்டுட்டு நிக்க வாணாம். நேர போய்க் கையப் புடிச்சிக் கூட்டிட்டு வாங்க.”

அன்றிலிருந்து நான் ஒரு மெட்சையும் மெட்சாகப் பார்த்ததில்லை. மற்றவர்கள் பந்தைப் பார்த்தார்கள். நான் வாப்பாவின் நெற்றியைப் பார்த்தேன். வெயிலில் எல்லோருக்கும் முகம் வேர்க்கும் என்பதை உம்மா யோசிக்கவில்லை. அதனால் ஞாயிறு தோறும் பலமுறை மேசைக்குக் கிட்ட ஓடிப்போவேன். வாப்பா லேஞ்சியை எடுத்து முகத்தைத் துடைத்த பிறகு மீண்டும் வேர்க்கிறதா என்று பார்ப்பேன். வேர்க்கும். அவர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரிப்பார். சிரிக்கிறவருக்கு நெஞ்சு வலிக்காது என்று நானாகவே ஒரு சட்டம் போட்டுக்கொண்டு கொஞ்சம் மூச்சு விடுவேன்.

எங்கள் கழகம் ஆடிய லீக் வாப்பாவைவிட மூத்தது. நகரத்துக் கிளாக்கர்மாரும் தோட்டத்துத் துரைமாரும் தங்களுக்குள் ஆடிக்கொண்டிருந்ததில் பிற்காலத்தில் சுற்றுவட்டார ஊர்க் கழகங்களையும் சேர்த்தார்களாம். எங்கள் ஊர் மடவளையிலிருந்து போன ஆட்களைப் பார்த்துச் சற்று யோசித்தார்களாம். எங்களிடம் மைதானமும் இல்லை, வெள்ளை உடுப்பும் இல்லை. உடுப்பை ஊர்த் தையல்காரர்கள் தைத்துக் கொடுத்தார்கள். ஒரே அளவில் வெட்டியதால் சிலருக்குக் காற்சட்டை கணுக்காலுக்கு மேலே நின்றதாம், சிலர் மடித்துக் கட்டினார்களாம். மைதானத்துக்குப் பதிலாக, பந்து குத்தும் இடத்தில் விரிக்க ஒரு கயிற்றுப் பாய் வாங்கினார்கள். அதைச் சுருட்டி லொறியில் ஏற்றி, எந்த ஊரில் தட்டையான நிலம் கிடைக்கிறதோ அந்த ஊரில் விரித்து ஆடினார்கள். மலைநாட்டில் தட்டையான நிலம் கிடைப்பதே ஒரு வெற்றிதான். தையல்கடைக்கு மேலே இருந்த கழக அறையில் கோப்பைகள் குறைவு, படங்கள் அதிகம். ஆனாலும் சேர்ந்த நாள் முதல் ஒரு வருடமும் லீக்கை விட்டு விலகியதில்லை. எங்கள் ஊர் ஆட்கள் நெஞ்சை நிமிர்த்திச் சொல்ல அது ஒன்று போதுமாக இருந்தது.

என் காலத்தில் அந்தப் பெருமைக்கும் ஆபத்து வந்திருந்தது. இளம் பையன்கள் டென்னிஸ் பந்தில் சொஃப்ட்போல் ஆடப் போய்விட்டார்கள். அது ஒரு பின்னேரத்தில் முடிந்துவிடும், பாட்டுப் போடுவார்கள், வென்றால் பரிசும் உண்டு. வெள்ளை உடுப்புப் போட்டு, நாள் முழுக்க வெயிலில் நின்று, கடைசியில் கைகுலுக்கிவிட்டு வருவதற்கு அவர்களுக்குப் பொறுமை இல்லை. டொஸ் போடும்போது பதினொரு பேர் உடுப்போடு நிற்க வேண்டும் என்பது லீக் சட்டம். இல்லாவிட்டால் மெட்ச் எதிரணிக்கு. ஒரே பருவத்தில் இரண்டாவது தடவையும் அப்படி நடந்தால் கழகத்தின் பெயரை வெட்டிவிடுவார்கள். நாங்கள் அந்தப் பருவத்தில் ஏற்கெனவே ஒரு தடவை ஆள் இல்லாமல் திரும்பி வந்திருந்தோம்.

வாப்பாவின் தம்பிதான் அப்போது அணித் தலைவர். நான் அவரைச் சாச்சா என்று கூப்பிடுவேன்; அவர் தன் அண்ணனான வாப்பாவை நானா என்று கூப்பிடுவார். அந்த ஞாயிறு, கெலிஓயாவுக்கு அப்பால் மகாவலியை ஒட்டிய ஒரு மைதானத்தில் மெட்ச். கம்பளைப் பக்கத்து அணி முன்கூட்டியே வந்து பந்து எறிந்து பழகிக்கொண்டிருந்தது. எங்கள் வேனிலிருந்து இறங்கியவர்களைச் சாச்சா எண்ணினார். பிறகு வேனுக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு மீண்டும் எண்ணினார். வேகமாகப் பந்து வீசுகிற பையன் நேரே மைதானத்துக்கு வருவதாகச் சொல்லியிருந்தான். அவனுடைய போன் ஓஃப். அவன் குருநாகல் பக்கம் சொஃப்ட்போல் ஆடப் போய்விட்டான் என்று ஒருவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

சாச்சா வேனைச் சுற்றி நடந்தார். நடுவர் தபால் கந்தோரில் வேலை செய்து ஓய்வுபெற்ற ஒரு சிங்களப் பெரியவர். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், பார்க்காதது போல ஆற்றைப் பார்த்தார். அவருக்கும் எங்கள் கழகத்தின் பெயரை வெட்ட மனமில்லை என்று இப்போது தோன்றுகிறது. அப்போது அவர் எனக்கு ஒரு பொலிஸ்காரரைப் போலத் தெரிந்தார்.

நான் வாப்பாவின் நெற்றியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது காய்ந்துதான் இருந்தது. அப்போதுதான் சாச்சா எங்கள் மேசைக்கு வந்தார்.

“நானா, உடுப்போட நிண்டா மட்டும் போதும். ஓட வாணாம். ஸ்லிப்புல நில்லுங்க. பெட் புடிச்சி அடிக்கவும் வர வாணாம். டொஸ் போடுற நேரம் பதினொரு பேர் நிண்டா சரி.”

வாப்பா பென்சிலைக் கீழே வைத்தார். என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் ஒரு பெரிய மனிதர் சிறு பிள்ளையிடம் அனுமதி கேட்பது போன்ற ஏதோ ஒன்று இருந்தது. நான் தலையை ஆட்டவும் இல்லை, ஆட்டாமல் இருக்கவும் இல்லை. சாச்சாவின் உதடு நடுங்கிக்கொண்டிருந்தது. வளர்ந்த ஒருவரின் உதடு நடுங்கி நான் அதற்கு முன் கண்டதில்லை.

கழகப் பையிலிருந்து யாருடையதோ வெள்ளை உடுப்பு ஒன்று வந்தது. வயிற்றுப் பக்கம் பொத்தான் பூட்டச் சிரமப்பட்டார். போனையும் மணிக்கூட்டையும் என் மடியில் வைத்துவிட்டு, “சும்மா நிக்கத்தான் மகள்,” என்றார். ஸ்கோர் எழுத எதிரணியில் ஒருவர் உட்கார்ந்தார். டொஸ் போட்டார்கள். எங்கள் கழகத்தின் பெயர் தப்பியது. எல்லோருக்கும் நிம்மதி. எனக்கு மட்டும் அந்த நிமிடத்திலிருந்துதான் தொடங்கியது.

நாங்கள் முதலில் களத்தடுப்பு. சாச்சா சொன்னபடியே வாப்பா ஸ்லிப்பில், விக்கெட் காப்பாளருக்குப் பக்கத்தில் நின்றார். முதலில் கைகட்டிக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரத்தில் குனிந்தார். பிறகு முழங்காலில் கை வைத்து, கண்ணைச் சுருக்கி, பழைய விக்கெட் காப்பாளராகவே மாறிவிட்டார். ஒரு பந்து மட்டையின் விளிம்பில் பட்டு அவரை நோக்கிப் பறந்தது. அவர் பக்கவாட்டில் சாய்ந்து அதைப் பிடித்தார். எங்கள் ஆட்கள் ஓடிப்போய் அவர்மேல் விழுந்தார்கள். வாப்பா துள்ளினார். உண்மையிலேயே இரண்டு காலும் நிலத்தை விட்டுக் கிளம்பத் துள்ளினார். அந்த மைதானத்தில் அந்தப் பிடிக்காக அழத் தோன்றிய ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

என் மடியில் இருந்த போன் அடித்தது. உம்மா.

“வாப்பா எங்க?”

“கிரவுண்ட்ல.”

“நல்லா ஈக்கிறாரா?”

“ம். சிரிச்சிட்டு ஈக்கிறார்.”

நான் சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. ஆனாலும் போனை வைத்த பிறகு கை ஈரமாக இருந்தது. அதைச் சட்டையில் துடைத்துக்கொண்டு ஹந்தானை மலைப் பக்கம் பார்த்தேன். மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. மழை பெய்தால் மெட்ச் நிற்கும். எனக்குத் தெரிந்த துஆக்களை எல்லாம் ஓதி, கடைசியில் தெரிந்த தமிழிலும் கேட்டேன். நாலைந்து துளி விழுந்தது. நடுவர் கையை நீட்டிப் பார்த்துவிட்டு, போதாது என்பதுபோலத் தலையாட்டினார். மேகம் பேராதனைப் பக்கம் போய்விட்டது.

சாப்பாட்டுக்குப் பிறகு எங்கள் துடுப்பாட்டம். இலக்கு பெரிதில்லை. நன்றாகத்தான் தொடங்கினார்கள். நடுவில் ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள், போனார்கள். அடிக்கப்போய் ஆட்டமிழந்தவர் வந்து உட்காரும்போது, அடிக்காமல் ஆட்டமிழந்தவர் அவருக்கு அறிவுரை சொன்னார். சாச்சா மட்டும் ஒரு பக்கத்தில் நின்றுபிடித்தார். ஒன்பதாவது விக்கெட் விழுந்தபோது இன்னும் கொஞ்ச ஓட்டங்கள்தான் பாக்கி. ஓர் ஓவரில் அடித்துவிடக்கூடிய அளவு. எல்லோரும் ஆளை ஆள் பார்த்தார்கள். பிறகு எல்லோரும் வாப்பாவைப் பார்த்தார்கள். யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை. போக வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

வாப்பா காலுக்குக் காப்புக் கட்டத் தொடங்கினார். நான் எழுந்து அவர் முன்னால் நின்றேன். “உம்மா ஏசுவாங்க,” என்றேன். எனக்கு வேறு எதுவும் வரவில்லை. அவர் காப்பின் பட்டியை இறுக்கிக்கொண்டே, “சாச்சா அடிப்பார், நான் மத்தப் பக்கம் நிக்கத்தான்,” என்றார். அன்று அவர் இரண்டாவது தடவை சும்மா நிற்கப் போனார்.

அவர் நடுவுக்குப் போய்ச் சேர்வதற்குள் நான் உம்மாவுக்குப் போன் எடுத்தேன். அடித்து அடித்து நின்றது. மீண்டும் எடுத்தேன். அசர் தொழுகைக்குக் கைகால் முகம் கழுவி ஒளூ செய்யப் போயிருப்பார். போனை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு எல்லைக் கோட்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றேன். கோட்டைத் தாண்டக் கூடாது என்று எனக்குத் தெரியும். என் கால் பெருவிரல் அதற்கு இந்தப் பக்கம்தான் இருந்தது.

சாச்சா முதலில் ஒற்றை ஓட்டங்களை மறுத்தார். கையை நீட்டி, “வாணாம் நானா, நில்லுங்க!” என்று கத்தினார். ஒரு நான்கு அடித்தார். எங்கள் பக்கத்தில் கைதட்டல் எழுந்தது. பிறகு ஒரு பந்து இடைவெளியில் ஓடியது. சாச்சாவுக்கு ஆட்டம் தலைக்கேறிவிட்டது. “வாங்க!” என்றார். வாப்பா ஓடினார். திரும்பினார். மீண்டும் ஓடினார். எறிந்த பந்து தவறிப்போய் இன்னும் தூரம் ஓட, சாச்சா மூன்றாவதற்கும் கூப்பிட்டார். வாப்பா மட்டையைக் கோட்டுக்குள் வைத்தார். வைத்த மட்டையில் சாய்ந்துகொண்டு அப்படியே நின்றார்.

அடுத்த பந்து வாப்பாவுக்கு. பந்துவீச்சாளர் நெடுந்தூரம் நடந்து போனார். வாப்பா நிமிர்ந்தார். முகம் முழுவதும் நனைந்திருந்தது. சிரிக்கவில்லை. கையுறை போட்ட இடது கையை எடுத்து நெஞ்சின் நடுவே வைத்தார். வைத்த கையை எடுக்கவில்லை.

நான் கோட்டைத் தாண்டியது எனக்கு நினைவில்லை. புல் காலில் பட்டது நினைவிருக்கிறது. யாரோ “ஏய், புள்ள!” என்று கத்தினார்கள். பந்துவீச்சாளர் ஓடி வந்துகொண்டிருந்தார், நானும் ஓடி வந்துகொண்டிருந்தேன். நடுவர் இரண்டு கைகளையும் குறுக்காக ஆட்டியதைக் கண்டேன். பந்து அதற்குள் கையை விட்டுப் போய்விட்டது. டொக் என்று ஒரு சத்தம். வாப்பாவுக்குப் பின்னால் நடுக் கம்பு பிடுங்கிக்கொண்டு விழுந்தது. நான் போய் வாப்பாவின் கால் காப்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

அதன் பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். எதிரணித் தலைவர், பந்து போன பிறகுதான் நடுவர் கை ஆட்டினார் என்றார். பிள்ளை குறுக்கே வந்தால் எப்படி ஆடுவது என்று சாச்சா கேட்டார். பிள்ளையை யார் விட்டது என்று அவர்கள் கேட்டார்கள். நடுவர் அமைதியாக, தான் முதலே நிறுத்திவிட்டதாகவும் அந்தப் பந்து கணக்கில் இல்லையென்றும் சிங்களத்தில் சொன்னார். “ஐயா அவுட் இல்லை,” என்று தமிழிலும் சொல்லி, விழுந்த கம்பை எடுத்து நட்டார்.

எங்கள் பக்கம் ஆரவாரம். வாப்பா மட்டும் நடப்பட்ட கம்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு குனிந்து, எனக்கு மட்டும் கேட்கிற குரலில், “எனத்துக்கு மகள் ஓடி வந்த?” என்றார்.

“நீங்க நெஞ்சப் புடிச்ச.”

“பொத்தான் கழண்டிச்சி. அதப் பாத்த,” என்றார்.

நிமிர்ந்து நடுவரிடம், “பந்து விக்கட்ல பட்ட. நான் அவுட். நான் போறன்,” என்றார்.

நடுவர் மறுத்தார். சட்டப்படி அவுட் இல்லாத ஒருவரை அவுட் என்று எப்படி எழுதுவது என்று கேட்டார். சாச்சா ஓடி வந்து, “நானா, எனத்த செய்ற நீங்க? இன்னும் கொஞ்சம்தான் ஈக்கி!” என்று கெஞ்சினார். வாப்பா மட்டையைச் சாச்சாவின் கையில் கொடுத்தார். என் தோளில் கை வைத்தார். நாங்கள் இருவரும் நடந்தோம். கொஞ்சத் தூரம் போன பிறகு பின்னால் ஒரு கை தட்டும் சத்தம். திரும்பிப் பார்த்தேன். எதிரணித் தலைவர். பிறகு அவருடைய ஆட்கள் எல்லோரும் தட்டினார்கள். நடுவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார்.

வெளியே வந்து வாப்பா மரத்தடியில் சாய்ந்து உட்கார்ந்து, கழற்றி வைத்திருந்த தன் சட்டையின் பையிலிருந்து எதையோ எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். என்ன என்று கேட்டேன். டொஃபி என்றார். எனக்கு ஒன்று கேட்டேன். முடிந்துவிட்டது என்றார். நான் செய்த வேலைக்கு எனக்கு டொஃபி கிடைக்காததும் நியாயம்தான் என்று விட்டுவிட்டேன்.

திரும்பும்போது வேனில் யாரும் என்னைத் திட்டவில்லை. அது திட்டுவதைவிட மோசமாக இருந்தது. கண்டிக்கு வந்ததும், கடை விஷயமாக ஒருவரைக் காண வேண்டும் என்று சொல்லி வாப்பா என்னோடு இறங்கிக்கொண்டார். வேன் போன பிறகு ஒரு திரீவீலைப் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார். இருட்டும் நேரம் உம்மா வந்தார். எனக்கு அடி விழும் என்று சுவரோடு ஒட்டிக்கொண்டேன். உம்மா என்னை இழுத்துத் தன் அபாயாவுக்குள் புதைத்துக்கொண்டு நெடுநேரம் விடவில்லை. வாப்பாவுக்கு மத்தியானச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை, வாய்வு பிடித்துவிட்டது என்று எனக்கும் சாச்சாவுக்கும் சொன்னார்கள். சில நாள் அங்கேயே வைத்திருந்தார்கள். வாய்வு பொல்லாதது என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் கழகம் இன்றும் லீக்கில் இருக்கிறது. கடைசி விக்கெட்டோடு வந்த அந்தத் தோல்வியை யாரும் தோல்வியாகப் பேசுவதில்லை. அவுட் இல்லையென்று நடுவரே சொன்ன பிறகும் தானாக வெளியே நடந்த மனிதரின் கதையாகத்தான் அது நிலைத்தது. கழகத்தில் புதிதாகச் சேரும் பையன்களுக்குச் சாச்சா அதைச் சொல்லாமல் விடமாட்டார். மற்றக் கழகங்களிலும் சொல்கிறார்களாம். கதையில் நான் வரும் இடத்தில் எல்லோரும் சிரிப்பார்கள். வாப்பா அந்த இடங்களில் கதிரையை விட்டு எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவார். அவருடைய அடக்கம் என்று எல்லோரும் சொன்னார்கள். மகள் செய்த கூத்து அவருக்கு இன்னும் வெட்கமாக இருக்கிறது என்று நான் நினைத்தேன். கல்யாணமாகி, எனக்கும் பிள்ளை பிறந்த பிறகும் அப்படித்தான் நினைத்தேன்.

சென்ற வருடம் ஒரு காலை, மாதாந்தக் கிளினிக்குக்கு அவரைக் கூட்டிப் போயிருந்தேன். வரிசை நகரவில்லை. பேச்சோடு பேச்சாக, அன்று ஓடி வந்ததற்காக என்னை மன்னித்துவிட்டீர்களா என்று கேட்டேன். விளையாட்டாகத்தான் கேட்டேன். வாப்பா என்னை விநோதமாகப் பார்த்தார்.

“அந்தப் பந்த நான் காணவே இல்ல மகள். கண் இருட்டிட்டு வந்த. நீங்க வந்து கால்ல புடிச்சதுதான் தெரிஞ்ச.”

“அப்ப அவுட் எண்டு சொன்னது?”

“வேற என்னண்டு வெளியால வாற? வலிக்குது எண்டு சொல்லிருந்தா, நான் கூப்பிட்டுத்தானே நானா வந்தார் எண்டு சாச்சா சாகும் வரைக்கும் அழுதிட்டு ஈப்பான்.” பிறகு என் பக்கம் சாய்ந்து, “அவனுக்குச் சொல்ல வாணாம்,” என்றார். சாச்சா பத்திரிகையில் ஸ்கோரைத் தவிர வேறெதையும் வாசிப்பவர் அல்லர் என்ற தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.

அன்று நடுவிலிருந்து எல்லைக் கோடு வரை வாப்பா என் தோளை அழுத்திய அழுத்தம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. கோபத்தில் அழுத்துகிறார் என்றே நினைத்தேன். எல்லோர் முன்னாலும் ஏச முடியாததால் விரல்களால் ஏசுகிறார் என்று நினைத்தேன். வலித்தது. வலிக்கிறது என்று சொல்ல எனக்கு உரிமையில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டு, கீழே புல்லைப் பார்த்தபடி நடந்தேன். அத்தனை பேர் கைதட்டிக்கொண்டிருக்க, ஒரு பெரிய மனிதர் விழாமல் நடந்து வந்தது என்மேல் சாய்ந்துதான் என்பது அந்தத் தோளுக்குத் தெரிந்திருந்தது. எனக்குத் தெரியவில்லை.